முதியோர் உதவித்தொகை முதல் வீடு தேடி வரும் மாத்திரை வரை: எதை, எந்த வரிசையில் வாங்குவது?

பெரியப்பா காலமான பிறகு கிராமத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு அரசு உதவிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுக்க நானும் என் தம்பியும் நிறைய அலைந்தோம். இ-சேவை மையம், வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகம், தாலுகா அலுவலகம், ரேஷன் கடை, ஆட்சியர் அலுவலகம் என்று எல்லா வாசலிலும் நின்றோம். அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லாதது. எதை முதலில் செய்வது, எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. தொகைகள் அவ்வப்போது அறிவிப்புகளில் மாறும். போக வேண்டிய வழி பெரிதாக மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். இதை மட்டும் நம்பி யாரும் வாழ முடியாது. ஆனால் அதனுடன் ரேஷன் அரிசி, இலவச மாத்திரை, மருத்துவக் காப்பீடு, பேருந்துப் பயணம் எல்லாம் சேரும்போது, கையில் வரும் காசு அரிசிக்கும் மருந்துக்கும் போகாமல் மிஞ்சும். அதனால் பென்ஷன் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

1. எந்தத் திட்டம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஊரில் எல்லாரும் பொதுவாக 'ஓ.ஏ.பி.' (முதியோர் ஓய்வூதியம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சொன்னாலும் உள்ளே பல திட்டங்கள் இருக்கின்றன. தவறான திட்டத்தில் மனு போட்டால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

60 வயது நிறைந்த, ஆதரவோ வருமானமோ இல்லாத ஏழைகளுக்கு இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம். இதில் ஒன்றிய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். மீதியை மாநில அரசு போட்டு, 2023 ஆகஸ்ட் முதல் மொத்தம் 1,200 ரூபாயாகத் தருகிறது.

கணவரை இழந்த பெண்கள் 60 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. 40 வயது நிறைந்தாலே தேசிய விதவையர் ஓய்வூதியத்துக்கு மனு செய்யலாம். ஆதரவற்ற விதவைகளுக்கான மாநிலத் திட்டத்தில் 18 வயதிலிருந்தே இடம் உண்டு. திருமணம் ஆகாமல் ஏழ்மையில் இருக்கும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும், கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கு 30 வயதிலிருந்தும் தனித் திட்டங்கள் இருக்கின்றன. இதைத் தெரியாமல் "அறுபது ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று பல வருடங்களை இழந்த பெண்களை நான் நிறையப் பார்த்தேன். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

நிலமற்ற விவசாயக் கூலிகளும் சிறு, குறு விவசாயிகளும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால், அதன் வழியாகவும் முதியோர் ஓய்வூதியம் வாங்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்ற வாரியங்களில் பதிந்தவர்களுக்கு வாரியத்தின் ஓய்வூதியம் உண்டு. ஆனால் ஒருவருக்கு ஏதாவது ஒரு ஓய்வூதியம்தான். இரண்டு இடத்தில் மனு போட்டால் ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டும் தாமதமாகும்.

இன்னொரு பயம் ஊரில் பரவியிருக்கிறது: "மாமியாருக்கு ஓ.ஏ.பி. வந்தால் மருமகளின் உரிமைத்தொகை போய்விடும்." முதியோர் ஓய்வூதியம் வாங்குபவரே கலைஞர் மகளிர் உரிமைத்தொகையும் வாங்க முடியாது என்பதுதான் விதி. அதே குடும்பத்தில் ஓய்வூதியம் வாங்காத, தகுதியுள்ள வேறொரு பெண் உரிமைத்தொகைக்கு மனு செய்யலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே அரசு அறிவித்துவிட்டது. இந்தப் பயத்தால் பெரியவர்களின் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.

2. பெயர், வயது, முகவரி: எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும்

இந்தப் படிதான் மிக முக்கியம். திரும்பி வரும் மனுக்களில் நான் கண்டவரை பெரும்பாலானவை தகுதி இல்லாததால் திரும்பவில்லை; தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் திரும்பின.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக் ஆகிய நான்கையும் தரையில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி அல்லது வயது, முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றில் அப்பாவின் இனிஷியல், இன்னொன்றில் கணவரின் இனிஷியல் இருக்கும். ஒன்றில் முனியம்மா, இன்னொன்றில் முனியம்மாள் என்று இருக்கும். தமிழில் சரியாக இருந்து ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருப்பதும் உண்டு. கணினியில் ஏறுவது ஆங்கிலப் பெயர்தான், அதனால் அதையும் பாருங்கள்.

எதை மாற்றுவது? ஆதாரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துவதே சுலபம். ஆதாரே தவறு என்றால்தான் ஆதாரில் கை வையுங்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி போன்ற திருத்தத்துக்கு 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். கைரேகை, கருவிழி புதுப்பிக்க 125 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். திருத்தம் ஏற ஒரு மாதம் வரை ஆகலாம். அது முடியும் முன் ஓய்வூதிய மனுவைப் போடாதீர்கள்.

வயதுதான் பெரிய தலைவலி. ஆதார் எடுத்த காலத்தில் "எத்தனை வயசு பாட்டி?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன குத்துமதிப்பை அப்படியே ஏற்றிய அட்டைகள் ஏராளம். பிறந்த தேதியை ஆதாரில் சாதாரணமாக ஒரு முறைதான் மாற்ற முடியும். எனவே கையில் உறுதியான சான்று, அதாவது பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாமல் அவசரப்பட்டு மாற்றி அந்த ஒரு வாய்ப்பைத் தீர்த்துவிடாதீர்கள். பள்ளிக்கூடமே போகாதவர் என்றால், ஆதார் சேவை மையத்தில் எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு வாங்கப் போங்கள். ஆதார்படி 60 ஆக ஓரிரு மாதம்தான் பாக்கி என்றால் காத்திருப்பதே நல்லது.

குடும்ப அட்டையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இறந்துபோன கணவர் இன்னும் குடும்பத் தலைவராக இருக்கிறாரா? இருந்தால் இறப்புச் சான்றுடன் பெயர் நீக்கமும் தலைவர் மாற்றமும் செய்யுங்கள். இதை இணையத்திலேயே செய்யலாம், இல்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் செய்யலாம். இரண்டு, பெரியவரின் பெயர் வசதியான மகனின் அட்டையில் இருக்கிறதா? இருந்தால் விசாரணையில் "மகன் ஆதரவில் இருக்கிறார்" என்று எழுதிவிடுவார்கள். உண்மையிலேயே தனியாகச் சமைத்துத் தனியாக வாழ்கிறார் என்றால் பெயரை நீக்கித் தனி அட்டை வாங்குங்கள். தனிச் சமையலறை இருக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள். ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு தாளில் மட்டும் பிரிப்பதை நான் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்தாலே தெரிந்துவிடும், பிறகு நியாயமான மனு கொடுத்தாலும் நம்ப மாட்டார்கள்.

3. வங்கிக் கணக்கைத் தயார் செய்யுங்கள்

குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு அல்லது ஜன் தன் கணக்கு போதும். பழைய கணக்கு இருந்து பல வருடமாகப் பயன்படுத்தாமல் கிடந்தால், கிளைக்குப் போய் அடையாளச் சான்று கொடுத்து மறுபடி இயங்க வையுங்கள். மகன், மகளுடன் சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். பெரியவரின் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

இரண்டு வங்கிகளில் கணக்கு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதார் எண் வழியாக வரும் அரசுப் பணம், ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். "பணம் வரவில்லை" என்று மாதக்கணக்கில் புலம்பியவரின் பணம், மறந்துபோன இன்னொரு கணக்கில் பத்திரமாகக் கிடந்ததை நான் பார்த்தேன். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டால் சொல்வார்கள்.

4. இ-சேவை மையத்தில் மனு போடுவது

கொண்டு போக வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், அண்மையில் எடுத்த பாஸ்போர்ட் அளவு புகைப்படம். விதவையர் திட்டம் என்றால் கணவரின் இறப்புச் சான்று. எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும். அசலை ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கட்டணம் 10 ரூபாய். ஆம், பத்து ரூபாய்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவற்றுக்கு 60 ரூபாய்; அந்தத் தொகையை இதற்கும் வாங்கும் இடங்கள் உண்டு. தனியார் கணினி மையங்கள் நூறு, இருநூறு என்று கேட்பார்கள். கூட்டுறவுச் சங்கம், தாலுகா அலுவலகம், கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் ஆகியவை நடத்தும் மையங்களில் கட்டணப் பலகை மாட்டியிருக்கும், அங்கே போங்கள்.

முதலில் குடிமக்கள் கணக்கு எண் ஒன்றைப் பதிவார்கள். 'கேன் எண்' என்பார்கள். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பெரியவரிடம் போன் இல்லை என்றதும், மையத்தில் இருப்பவர் தன் எண்ணையே போட்டு ஓ.டி.பி. வாங்கி வேலையை முடித்துவிடுவார். உதவிதான் செய்கிறார், ஆனால் அதன் பிறகு மனு எந்த நிலையில் இருக்கிறது என்று வரும் எல்லாக் குறுஞ்செய்தியும் அவர் போனுக்குத்தான் போகும். கூடுதல் ஆவணம் கேட்டு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பெரியம்மாவின் முதல் மனு அப்படித்தான் சத்தமில்லாமல் திரும்பிக் கிடந்தது. குடும்பத்தில் எண் மாற்றாத ஒருவரின் போனைப் பதியுங்கள், அந்த ஆள் கூடவே போங்கள்.

அனுப்பும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, கிராமம், வட்டம், திட்டத்தின் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண் ஆகியவற்றை ஒரு முறை வாசியுங்கள். ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள் இருக்கும் மாவட்டங்களில் மனு வேறு வி.ஏ.ஓ.விடம் போய்விடும். கடைசியில் விண்ணப்ப எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் எந்த அலுவலகத்திலும் பேச முடியாது.

தரகர்கள் பற்றி: தாலுகா அலுவலக வாசலில் "ஆயிரம் கொடுங்க, அடுத்த மாசமே பணம் வரும்" என்பவர் செய்வது, நீங்கள் 10 ரூபாயில் செய்யும் அதே மனுவைத்தான். ஆணை போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. அந்தப் பணத்துக்குப் பதில் பெரியவரை ஆட்டோவில் அழைத்துப் போங்கள்.

5. வி.ஏ.ஓ. விசாரணை

மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு தாலுகாவில் தனி வட்டாட்சியர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) என்று ஏறும். இந்தத் தனி வட்டாட்சியர்தான் ஆணை போடுபவர். வழக்கமான தாசில்தாரிடம் போய் நின்று நாளைக் கழிக்காதீர்கள். இரண்டும் வேறு அறை, சில ஊர்களில் வேறு கட்டடம்.

வி.ஏ.ஓ. வீட்டுக்கு வருவார், அல்லது கிராம உதவியாளரை அனுப்புவார். மனு போட்ட சில நாளில் நீங்களே ஒப்புகைச் சீட்டு நகலுடன் அவரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. எப்போது வருவார் என்று கேளுங்கள். மனு போட்ட கையோடு பெரியவர்கள் மகள் வீட்டுக்கோ கோயிலுக்கோ கிளம்பிவிடுவார்கள். வந்து பார்க்கும்போது வீடு பூட்டியிருந்தால் "முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதி மனு முடிந்துவிடும். விசாரணை முடியும் வரை ஊரிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

அவர் கேட்பது: சொந்த நிலம், வீடு எவ்வளவு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், யார் சோறு போடுகிறார்கள், வேறு பென்ஷன் வருகிறதா. சொத்து மதிப்புக்கு உச்சவரம்பு உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நம் பெரியவர்களுக்குத் தன்மானம் அதிகம். "பிள்ளைகள் பார்த்துக்கிறாங்களா?" என்று அதிகாரி கேட்டால், மகன் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காவிட்டாலும் "ராஜா மாதிரி வச்சிருக்கான் சாமி" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் அறிக்கையில் ஏறும். பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது போல அவர்களுக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லை, அதிகாரி கேட்பது மாதச் செலவுக்குக் கையில் என்ன வருகிறது என்பதைத்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். இதற்கு ஒரு மாலை நேரம் செலவானாலும் பரவாயில்லை.

6. காத்திருப்பும் நிராகரிப்பும்

ஆவணம் சரியாக இருந்தாலும் ஆணை உடனே வராது. பயனாளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் தகுதியானவர்களும் பட்டியலில் காத்திருக்க வேண்டி வரும். சில மாதங்கள் ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 8, 9ஆம் படிகளுக்குப் பென்ஷன் ஆணை தேவையில்லை, அவற்றைத் தொடங்கிவிடுங்கள்.

மாதம் ஒரு முறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தால் காரணம் எழுதியிருக்கும். ஆவணக் குறை என்றால் அதைச் சரிசெய்து புதிதாக மனு போடலாம், 10 ரூபாய்தான். காரணம் தவறு என்று நினைத்தால் மாவட்டத்தில் தனித் துணை ஆட்சியர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) இருக்கிறார், அவருக்கு எழுத்தில் மேல்முறையீட்டு மனு கொடுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பது நல்ல வழி; அங்கே மனுவுக்கு எண் போட்டுத் தருவார்கள், அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கீழே உள்ள அலுவலகத்துக்கு வரும். ஆண்டுக்கொரு முறை தாலுகாவில் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். வீட்டில் இருந்தபடி 1100க்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம்.

எந்தக் காரணமும் சொல்லாமல் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்த எண்ணுள்ள விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, விசாரணை அறிக்கையின் நகல் தேவை" என்று தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோபமாக எழுதத் தேவையில்லை, இரண்டு வரி போதும்.

7. ஆணை வந்ததும் ரேஷன் கடைக்குப் போங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உதவித்தொகை வாங்கும் முதியவருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும், வேட்டி அல்லது சேலை உண்டு. சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ, சாப்பிடாதவருக்கு 4 கிலோ அரிசி தனியாக உண்டு. ஆணையின் நகலைக் கொடுத்து, பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

குடும்ப அட்டையின் வகையையும் பாருங்கள். நிரந்தர வருமானம் இல்லாத முதியவர், கணவரை இழந்தவர் போன்றோருக்கு, மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை தரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அந்த அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி, விலையில்லாமல். சர்க்கரையும் மற்ற அட்டைக்குக் கிலோ 25 ரூபாய், இதற்கு 13 ரூபாய் 50 காசு. எண்ணிக்கை வரம்பு இருப்பதால் கேட்டதும் மாற்றிவிட மாட்டார்கள். இருந்தாலும் வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து வையுங்கள். அதுவரை சாதாரண அரிசி அட்டையிலேயே அரிசியுடன் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் வாங்கலாம். வெளிச்சந்தை விலையோடு பார்த்தால் மாதம் நல்ல மிச்சம்.

கைரேகை தேய்ந்துபோனவர்களை "பதியலையே பாட்டி" என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. கருவிழிப் பதிவு வசதி பல கடைகளில் வந்துவிட்டது, கேளுங்கள். நடக்க முடியாதவர்கள், தமக்குப் பதிலாக வேறொருவர் வாங்குவதற்கான அங்கீகாரப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். வயதில் மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் அட்டை அந்தப் பட்டியலில் உண்டா என்று கடையில் கேளுங்கள்.

8. மருத்துவச் செலவை இறக்குங்கள்

பென்ஷன் பணத்தை விழுங்குவது மாத்திரைதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். துணை சுகாதார நிலையச் செவிலியரிடமோ தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதிந்தால் போதும். வருமானச் சான்றெல்லாம் கேட்பதில்லை. இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துப் போங்கள். தனியார் மருத்துவர் எழுதிய பிராண்ட் பெயரில் கிடைக்காது, அதே மருந்து வேறு உறையில் வரும். பெரியவர்களுக்கு இதில் சந்தேகம் வரும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வாயாலேயே ஒரு முறை சொல்ல வையுங்கள். அங்கே கிடைக்காதவற்றை, குறைந்த விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வெளிக்கடைக்குப் போங்கள்.

படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் பெரியவரையே அழைத்துப் போக வேண்டும். புகைப்படமும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். நெஞ்சு வலி வந்த ராத்திரியில் இந்த அட்டைக்கு ஓட முடியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இந்தக் காப்பீடு பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். வெளிநோயாளிச் செலவுக்குக் கிடையாது. சேர்க்கும்போதே காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, அனுமதி வந்த பிறகு சிகிச்சை தொடங்கச் சொல்லுங்கள். முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது மிகக் கடினம். அனுமதி வந்த சிகிச்சைக்கும் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லுங்கள்.

9. பேருந்து

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை, அதற்கு எந்த அட்டையும் வேண்டாம். சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வழக்கமாக ஜூன் 21 முதல் ஜூலை 31 வரையும் டிசம்பர் 21 முதல் ஜனவரி 31 வரையும் பணிமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் தருவார்கள். இருப்பிடச் சான்று, வயதுச் சான்று, இரண்டு வண்ணப் புகைப்படம் போதும். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். பழைய நினைவில் பாதிக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லாதீர்கள்.

10. வாங்கிய பிறகு நின்றுபோகாமல் இருக்க

ஊருக்கு வரும் வங்கித் தொடர்பாளரிடம் கைரேகை வைத்துப் பணம் வாங்கும் பெரியவர்கள், ஒவ்வொரு முறையும் கருவியில் இருந்து சீட்டு வாங்க வேண்டும். "அம்பது ரூபா கமிஷன்" என்று பிடிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்புக்கை வரவு வைத்துப் பாருங்கள். சீட்டும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாவிட்டால் கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

"பென்ஷன் புதுப்பிக்கணும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போனில் கேட்பவர் அரசு ஆள் இல்லை. சரிபார்ப்புக்கு வருபவர் நேரில், வி.ஏ.ஓ. அலுவலகம் வழியாகத்தான் வருவார். வீட்டிலேயே பணத்தைப் பிடுங்குவது, அடிப்பது, சோறு போடாமல் விடுவது என்று தொல்லை இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசலாம், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் கீழ் கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கேட்டும் மனு கொடுக்கலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை.

பெரியவர் வேறு தாலுகாவுக்குக் குடிபோனால், குடும்ப அட்டை முகவரியை மாற்றிய கையோடு பழைய தனி வட்டாட்சியரிடம் ஓய்வூதியத்தை மாற்றித் தரும்படி மனு கொடுங்கள், ஆணையின் நகலையும் சேர்த்து. பழைய ஊரில் சரிபார்ப்புக்கு வந்து ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் பணம் நின்றுவிடும். இறந்துவிட்டால், இறப்புச் சான்றின் நகலைத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் வங்கியிலும் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு கணக்கில் ஏறும் மாதத் தொகையை எடுத்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே கணக்கில் இருந்த மிச்சம் வாரிசுதாரருக்கு உரியது, எனவே கணக்குத் தொடங்கும் நாளிலேயே நியமனதாரர் பெயரை எழுத மறக்க வேண்டாம்.